ரேஸ் ஏறாத ஜீப்

தமிழ்நாட்டு மோட்டார்ப் பட்டறைகளில் எஞ்சினின் நலத்தைப் பேச இரண்டு சொற்கள் போதும்: ரேஸ், இழுவை. ‘ரேஸ் குடு’ என்றால் நின்ற இடத்திலேயே ஆக்சிலேட்டரை மிதித்து எஞ்சினின் சுழற்சியை உயர்த்து என்று பொருள். சுமையில்லாமல் எஞ்சினை வேகமாகச் சுழலவிடுவதற்கு ஆங்கிலத்தில் வழங்கிய சொல் அப்படியே பட்டறைத் தமிழுக்குள் வந்து தங்கிவிட்டது. இழுவை என்பது வேறு. ஆளும் பாரமும் ஏறிய வண்டி மேட்டில் எவ்வளவு தாங்குகிறது என்பதை அந்தச் சொல் அளக்கும். எல்லையைத் தாண்டினால் மலையாள ஓட்டுநர் இதையே ‘வண்டி வலிக்குந்நில்ல’ என்பார். புதிதாகக் கேட்கும் தமிழ்க் காதுக்கு, வண்டிக்கு நோவில்லை என்று அவர் மகிழ்ச்சியாகச் சொல்வதுபோல் படும். ஆனால் வலித்தல் என்பதற்கு இழுத்தல் என்னும் பொருள் தமிழுக்கும் பழையதே. துடுப்பு வலிக்கிறோம் என்று இன்றும் சொல்கிறோம்.

இந்தச் சொல் வேறுபாடு அகராதிக்கு மட்டும் உரியதன்று. ரேஸ் ஏறவில்லை என்பதும் இழுவை இல்லை என்பதும் இரண்டு தனித்தனி நோய்கள். நின்ற நிலையில் நன்றாக ரேஸ் ஏறி, மேட்டில் மட்டும் வண்டி நகராவிட்டால், கிளட்ச் வழுக்குகிறதா, பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கிறதா என்று எஞ்சினுக்கு வெளியே தேட வேண்டும். நின்ற நிலையிலேயே ஏறாவிட்டால் நோய் எஞ்சினிலோ அதற்கு உணவளிக்கும் வழியிலோ இருக்கிறது. முதல் கேள்விக்கான விடையே தேடலைப் பாதியாகக் குறைத்துவிடும். பூப்பாறைப் பக்கத்துப் பட்டறை ஒன்றுக்குச் சில மழைக்காலங்களுக்கு முன் வந்த ஜீப், இந்த இரண்டு பெட்டிகளிலும் அடங்காமல் போனதுதான் சிக்கல். காலையில் போடியில் ரேஸ் நன்றாக ஏறும். மலையில் பாதி தூரம் இழுவையும் இருக்கும். பிறகு இரண்டும் ஒன்றாகப் போய்விடும். கியரை விடுவித்து மிதித்தாலும் எஞ்சின் ஓர் அளவுக்கு மேல் எழாது. மூச்சுத் திணறுபவரைப்போல் உறுமி அடங்கும்.

1956ஆம் ஆண்டின் மாநில மறுசீரமைப்பில் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. எல்லை வரைபடத்தில் உறுதியானது. உழைப்பு அதைப் பொருட்படுத்தவில்லை. தேனி மாவட்டத்து ஊர்களிலிருந்து போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்கு விடியுமுன்னே ஜீப்கள் ஏறுகின்றன. உள்ளே இருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் என்பதைச் சட்டம் ஒருவிதமாகவும் வாழ்க்கை வேறுவிதமாகவும் எண்ணும் பாதை அது. கொண்டை ஊசி வளைவில் எஞ்சின் அடங்கினால் பள்ளத்தின் ஓரத்தில் பத்துக்கு மேற்பட்ட உயிர்கள் நிற்கும். அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், வேலை தொடங்கும் நேரத்துக்குத் தோட்டத்தில் இல்லையென்றால் அன்றைய கூலி போய்விடும்.

வண்டி பழைய மகிந்திரா ஜீப். போர்க்கால வில்லிஸ் ஜீப்பின் வழிவந்தது. 1947இல் அந்த ஜீப்பை இந்தியாவில் பொருத்தத் தொடங்கிய நிறுவனம், 1970களின் இறுதியில் பிரெஞ்சு பெஜோ நிறுவனத்திடம் உரிமம் பெற்று டீசல் எஞ்சினுக்கு மாறியது. கணினி இல்லை, உணரிகள் இல்லை, எச்சரிக்கை விளக்கும் இல்லை. தொட்டியிலிருந்து ஊட்டுப் பம்பு டீசலை உறிஞ்சி ஃபில்டர் வழியாகப் பெரிய பம்புக்கு அனுப்புகிறது. பெரிய பம்பு அதை அழுத்தி நாசில் வழியாகச் சிலிண்டருக்குள் பீச்சுகிறது. இதற்குமேல் மர்மம் எதுவும் இல்லை. ஆயினும் அந்த ஜீப்பின் குறைக்கு ஒரு வாரத்துக்குள் நான்கு விளக்கங்கள் உருவாகிவிட்டன.

முதல் விளக்கம் உயரம். போடி ஏறத்தாழ 350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. போடிமெட்டு அதைவிட 1,000 மீட்டர் மேலே. அங்கே காற்றழுத்தம் போடியில் இருப்பதைவிட ஏறத்தாழ 12 விழுக்காடு குறைவு. காற்று மெலிந்தால் எஞ்சின் சோரும் என்பது பாடநூலிலும் உள்ள உண்மை. இரண்டாவது விளக்கம் சூடு. ஏனென்றால் வழியில் தேநீர்க் கடையில் கால் மணி நேரம் நிறுத்தினால் வண்டி தானாகவே சரியாகிவிடும். மூன்றாவது டீசல். இரு மாநில வரிகளும் வேறு என்பதால் விலையும் வேறு. ஓட்டுநர் மலிவான பக்கத்தில் நிரப்புவார். நிரப்பிய மறுநாள்தான் குறை தோன்றும். ஆகவே அந்தப் பங்க்கில் கலப்படம். நான்காவது, கீழே நகரத்துப் பட்டறை ஒன்று சொன்னது: பெரிய பம்பு தேய்ந்துவிட்டது, கழற்றிச் சீரமைக்க வேண்டும். அந்தச் செலவு ஓட்டுநரின் ஒரு மாத வருமானத்தைத் தாண்டும். வண்டிக்கோ கடன் தவணை இன்னும் முடியவில்லை.

நான்கு விளக்கங்களுக்கும் சான்று இருந்தது என்பதுதான் இந்த நிகழ்வின் சுவை. ஒவ்வொன்றும் உண்மையான ஒரு கவனிப்பிலிருந்து பிறந்தது. உயரத்தில்தான் குறை தோன்றியது, ஓய்வெடுத்தால்தான் நீங்கியது, நிரப்பிய மறுநாள்தான் வந்தது. அலைபேசியில் எதையாவது பார்த்து யாரும் உளறவில்லை.

பூப்பாறை மெக்கானிக் தொழில் கற்றது மலையில் அன்று, பாலக்காட்டுச் சமவெளியில். கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் என்று பொள்ளாச்சியை ஒட்டிக் கிடக்கும் அந்தப் பகுதியிலும் வீட்டிலும் கடையிலும் தமிழ்தான் பெரிதும் கேட்கும். அங்கே அவருக்கு வந்த வண்டிகள் வயலில் உழும் டிராக்டர்கள். அறுவடைக் காலத்துப் புழுதியும் வைக்கோல் தூசும் காற்று ஃபில்டரை அடைத்துவிடும், ரேஸ் ஏறாது, புகைபோக்கியிலிருந்து கரிய புகை கொட்டும். எத்தனையோ டிராக்டர்களைப் பார்த்து அவர் கைக்குப் படிந்த பாடம் ஒன்று உண்டு. டீசல் எஞ்சினில் பம்பு அளந்து தருவது டீசலை மட்டுமே. காற்றை எஞ்சின் தன்னால் முடிந்த அளவு இழுத்துக்கொள்கிறது. காற்று குறைந்தால் டீசல் குறைவதில்லை. எரிய வழியில்லாத மிச்சம் கரியாக வெளியேறும். ஆகவே காற்றுப் பஞ்சம் கரும்புகையாகத் தெரியும். டீசல் பஞ்சத்துக்கு அப்படி ஓர் அடையாளம் இல்லை; எஞ்சின் சத்தமில்லாமல் இளைக்கும். வெண்புகை எரியாத டீசலையோ தண்ணீரையோ காட்டும். நீலப்புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். சமவெளியில் தூசி பகை என்றால் இடுக்கியில் மழை பகை. நோய்கள் மாறினாலும் புகையின் மொழி மாறவில்லை.

முதலில் அவர் ஓட்டுநரை ஆக்சிலேட்டரை முழுவதும் மிதிக்கச் சொல்லிவிட்டு, பம்பின் நெம்புகோல் கடைசித் தடுப்பைத் தொடுகிறதா என்று பார்த்தார். தொட்டது. இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடமும் ஆகாது, செலவும் கிடையாது. ஆயினும் மிதியடி மடங்கிக் கிடந்ததற்காகவும், கேபிள் தளர்ந்ததற்காகவும் பம்பு கழற்றப்பட்ட வண்டிகள் உலகெங்கும் உண்டு. அடுத்து அவர் கேட்டது:

“ஏறுறப்ப பொகை என்ன நெறம்?”

ஓட்டுநருக்குத் தெரியவில்லை. தெரிய வாய்ப்பும் இல்லை. இருட்டில் புறப்படுகிறவர், முன்னே பார்த்து ஓட்டுகிறவர், அவருடைய புகை அவருக்குப் பின்னால் போகிறது. மெக்கானிக் அன்று மாலை தோட்டத்திலிருந்து திரும்பும் பெண்கள் வரும்வரை காத்திருந்தார். பின்கதவை ஒட்டி உட்கார்ந்து, விடியும் நேரத்தில் வந்த வழியையே பார்த்துக்கொண்டு போகிறவர்கள் அவர்கள்தான்.

“பொகையா? அதெல்லாம் ஒண்ணும் இல்ல தம்பி. மத்த வண்டி பின்னாடி போனாத்தான் மூக்கு எரியும். நம்ம வண்டி சத்தமில்லாமப் படுத்துக்கிரும்” என்றார் ஒரு மூத்த பெண்.

உயரம் என்னும் விளக்கம் அந்த இடத்தில் விழுந்தது. உயரத்தில் காற்று மெலிகிறது என்பது பொய்யாகிவிடவில்லை. அதே பாதையில் மற்ற ஜீப்கள் மெலிந்த காற்றில் கரும்புகை கக்கிக்கொண்டு ஏறத்தான் செய்தன. ஆனால் இந்த ஜீப்பின் குறைக்கு அது காரணமானால் கரும்புகை இருந்திருக்க வேண்டும், இல்லை. பொதுவாக உண்மையான ஒன்றைக் குறிப்பிட்ட இடத்தில் மறுக்க, அங்கே இருந்திருக்க வேண்டிய ஒன்று இல்லாததைக் கண்டவர் தேவைப்பட்டார். அந்தச் சாட்சியை ஒரு வாரமாக யாரும் கேட்கவில்லை. ஆய்வுக் களங்களில் யாரை நேர்காண்பது என்று பட்டியல் தயாரிக்கும்போது ஓட்டுநர் இருக்கையிலேயே நின்றுவிடும் பழக்கம் நமக்கும் உண்டு.

எஞ்சினுக்கு டீசல் போதவில்லை என்பது தெளிவாயிற்று. டீசல் கலப்படமா என்பதற்கு, தொட்டியிலிருந்து ஒரு கண்ணாடிப் புட்டியில் எடுத்து இரவு முழுவதும் வைத்தார். அடியில் தண்ணீரோ கசடோ இறங்கவில்லை. கலப்படம் அனைத்தையும் புட்டி காட்டிவிடாது. ஆனால் அதே டீசலில் போடியில் எஞ்சின் சீறியது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஃபில்டரை மாற்றினார், மறுநாள் குறை வரவில்லை. ஓட்டுநர் மகிழ்ந்தார், மெக்கானிக் மகிழவில்லை. தொட்டியில் எவ்வளவு டீசல் இருந்தது என்று கேட்டார். அரைக்கும் கீழே. மறுபடி நிரப்பிய நாளில் குறையும் திரும்பி வந்தது.

இனி பம்பா, பம்புக்கு முந்திய வழியா என்று பிரித்தறிய வேண்டும். இதற்குப் பட்டறைகள் அறிந்த முறை ஒன்று உண்டு: தொட்டியிலிருந்து வரும் குழாயைக் கழற்றிவிட்டு, உயரமான இடத்தில் கட்டிய கேனிலிருந்து நேராகப் பம்புக்கு டீசல் தருவது. எஞ்சின் தேறினால் பம்பு குற்றமற்றது. ஆனால் இந்த வண்டியில் அதைச் செய்வது எளிதன்று. குறை தோன்றிய வளைவில் நிறுத்தி, குழாயைக் கழற்றி, கேனைப் பொருத்தி, உள்ளே புகுந்த காற்றைக் கை பம்பால் அடித்து வெளியேற்றிவிட்டுக் கிளப்புவதற்குள் கால் மணி நேரம் ஆகிவிடும். நிறுத்தினாலே தேறிவிடும் நோயாளிக்கு எந்த மருந்தும் பலித்ததாகவே தோன்றும். ஆகவே மெக்கானிக் இடையில் மாற்றவில்லை. மறுநாள் தொட்டியை நிரப்பியே வைத்துக்கொண்டு, போடியிலிருந்து மெட்டு வரை முழு ஏற்றத்தையும் கேன் டீசலிலேயே ஓட்டச் செய்தார். பாரத்துக்குப் பெண்களுக்குப் பதிலாக மூட்டைகள். எங்கும் எஞ்சின் அடங்கவில்லை. அதே உயரம், அதே சூடு, அதே பம்பு. சூடும் பம்பும் அன்றே விடுவிக்கப்பட்டன. மருந்தியல் ஆய்வில் கட்டுப்பாட்டுக் குழு என்று சொல்லப்படுவதை அவர் ஐந்து லிட்டர் கேனில் அடக்கியிருந்தார்.

மிச்சம் இருந்தவை தொட்டி, குழாய், தொட்டியினுள் இருக்கும் சல்லடை. குழாயில் ஓட்டை இருந்தால் டீசல் ஒழுகும் என்று நினைப்போம். உறிஞ்சும் பக்கத்துக் குழாய் ஒழுகுவதில்லை. அது வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். கீழே ஒரு சொட்டும் விழாது. அதனால் பம்புக்கு முன்னால் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குழாயை ஒரு முழம் பொருத்திக் குமிழி வருகிறதா என்று பார்த்தார். நின்ற நிலையில் ஒன்றும் இல்லை. சல்லடை அடைத்திருந்தால் தொட்டி அரைகுறையாக இருக்கும் நாளிலும் குறை வந்திருக்க வேண்டும். நிரம்பிய நாளில் மட்டும் வருவானேன்?

மறுநாள் மீண்டும் தொட்டி டீசலில் ஏறினார்கள். வழக்கமான வளைவுகளைத் தாண்டியதும் எஞ்சின் சோர்ந்தது. கண்ணாடிக் குழாயில் இப்போது நுண்குமிழிகள். எஞ்சினை நிறுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டு மெக்கானிக் இறங்கினார். வேறு எதையும் தொடாமல் டீசல் தொட்டியின் மூடியை மட்டும் திருகினார். சோடாப் புட்டி திறப்பதுபோல் ‘உஸ்’ என்று ஓர் ஒலி; ஆனால் காற்று உள்ளே போயிற்று. சில நொடிகளில் ரேஸ் ஏறியது.

மூடியின் உட்புறத்தில் பாலித்தீன் தாள் ஒன்று மடித்து வைக்கப்பட்டிருந்தது.

டீசல் குறையக் குறைய, அந்த இடத்தை நிரப்பத் தொட்டிக்குள் காற்று வர வேண்டும். அதற்காக மூடியில் ஒரு சிறு துளை இருக்கும். துளை அடைபட்டால் உள்ளே இருக்கும் காற்று விரிந்து அழுத்தம் குறையும். ஊட்டுப் பம்பு இழுக்க, தொட்டி விடாது. 1662இல் ராபர்ட் பாயில் வெளியிட்ட விதியை இங்கே பொருத்திப் பார்க்கலாம். நாற்பது லிட்டர் தொட்டி விளிம்பு வரை நிரம்பி, இரண்டு லிட்டர் அளவே காற்று இருப்பதாகக் கொள்வோம். மலையேற்றத்தில் இரண்டு லிட்டர் டீசல் செலவானால் அந்தக் காற்று இருமடங்கு இடத்தில் பரவ வேண்டும். மூடி முற்றாக இறுகியிருந்தால் அழுத்தம் பாதியாகும். அரைத்தொட்டி நாளிலோ இருபது லிட்டர் காற்று இருபத்திரண்டாகிறது. அழுத்தம் பதினொன்றில் ஒரு பங்குதான் குறைகிறது. ஏறும்போது வெளிக்காற்றின் அழுத்தமும் ஏறத்தாழ அதே அளவு குறைந்துவிடுவதால் உள்ளும் புறமும் சமமாகி, குறை தெரியாமலே போகிறது. கலப்படம் என்னும் ஐயத்துக்கு அடிப்படையான கவனிப்பு, நிரப்பிய மறுநாள்தான் வருகிறது என்பது, துல்லியமான கவனிப்பு. பங்க் மட்டும் குற்றமற்றது. ஓய்வில் தேறியதற்கும் சூடு காரணமன்று. பாலித்தீனின் ஓரங்கள் வழியே காற்று மெல்லக் கசிந்து உள்ளே போய்க்கொண்டிருந்தது.

பாலித்தீனை வைத்தவர் ஓட்டுநர்தான். அதற்கு முந்தைய ஆண்டு மழை, தேய்ந்த மூடி வழியாகத் தொட்டிக்குள் இறங்கிப் பம்பைக் கெடுத்திருந்தது. பெரிய பம்பின் உள்ளுறுப்புகளுக்கு இடையே உள்ள இடைவெளி சில மைக்ரான் அளவே. தலைமுடியின் தடிமனில் சிறு பங்கு. அவற்றுக்கு உயவு தருவதே டீசல்தான். தண்ணீர் புகுந்தால் துருவும் தேய்மானமும் விரைவில் வரும். அப்போது செய்த செலவை நினைத்து, இனி ஒரு துளியும் இறங்கக்கூடாது என்று அவர் கவனமாக மடித்து வைத்த தாள் அது. அதை அலட்சியம் என்று சொல்ல முடியாது. மெக்கானிக்கும் அப்படிச் சொல்லவில்லை. மூடியின் துளையை மெல்லிய கம்பியால் குத்திவிட்டு, புதிய ரப்பர் வளையம் போட்டு, பழைய டியூப் துண்டு ஒன்றை மூடிக்குமேல் குடைபோல் தொங்கவிட்டார். மழை வழிந்து ஓடும். காற்று அடியில் புகும்.

புதிய வண்டிகளில் இவ்வளவு அலைச்சல் இல்லை என்பார்கள். ஓரளவுக்கு உண்மை. இன்றைய காமன் ரெயில் டீசல் வண்டியில் அழுத்தம் குறைந்தால் கணினியே எஞ்சினை ஓர் அளவுக்கு மேல் சுழலவிடாமல் கட்டுப்படுத்தும். ஸ்கேனரைச் செருகினால் பி 0087 என்று ஓர் எண் வரும். எரிபொருள் அழுத்தம் போதவில்லை என்பது அதன் பொருள். பின்கதவருகே அமர்ந்த பெண் சொன்னதும் ஏறக்குறைய அதுவே. பம்பா, ஃபில்டரா, குழாயா, மூடியா என்று தேடும் வேலை அந்த எண்ணுக்குப் பிறகுதான் தொடங்குகிறது. எண்ணைப் பார்த்த உடனே பம்பை மாற்றிவிடும் பட்டறைகளும் குறைவில்லை.

கூலி பேசும்போது சிறு இழுபறி. மூன்று நாள் மலையேறியதற்கும் ஃபில்டருக்கும் மெக்கானிக் கேட்ட தொகை, பம்புச் செலவில் ஒரு சிறு பங்குதான். ஆனாலும், “ஒரு தாள எடுத்ததுக்கா அண்ணே?” என்று ஓட்டுநர் கேட்டுவிட்டார். மெக்கானிக் சிரித்துவிட்டு, பாலித்தீன் தாளை எடுத்து அவர் சட்டைப் பையில் செருகினார். ஓட்டுநர் பணத்தை எண்ணிக் கொடுத்தார். ஆனால் அடுத்த ஒரு மாதம் அவர் தொட்டியை அரைக்குமேல் நிரப்பவே இல்லை.